"கம்பெனிக்குத்தான் குடிக்கிறேன்": தனிக்குடியும் குடிநோயின் அடையாளங்களும்

ஒருவருடைய குடியைப் பற்றி மெல்லப் பேச்செடுத்துப் பாருங்கள். "நான் என்ன தனியா உக்காந்து குடிக்கிற ஆளா? ஏதோ கம்பெனிக்காகப் போடுறது" என்று பதில் வரும். தனியாகக் குடிப்பவன் குடிகாரன், நாலு பேரோடு குடிப்பவன் நம்மைப் போன்றவன் என்பது தமிழ்நாட்டில் பலரும் ஒப்புக்கொண்ட அளவுகோல். கேட்டவரும் அதோடு விட்டுவிடுவார். இந்த அளவுகோல் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி வருடக்கணக்கில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

முதலில் இந்தக் 'கம்பெனி' எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கடை வாசலில் முன்பின் தெரியாத இருவர் கட்டிங் போடச் சேர்கிறார்கள். ஒரு குவார்ட்டர், ஆளுக்குப் பாதிக் காசு. பிளாஸ்டிக் டம்ளரில் ஆளுக்கு 90 மில்லி விழுகிறது, வாட்டர் பாக்கெட்டைக் கடித்து ஊற்றிக்கொள்கிறார்கள், நின்றபடியே இரண்டு மூன்று மடக்கில் காலி. வாயைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்வதில்லை. இது எவ்வளவு பரவலான வழக்கம் என்றால், 90 மில்லியைத் தனிப் பொட்டலமாக விற்கலாமா என்று 2023இல் மாநில மதுவிலக்குத் துறை அமைச்சரே பேசினார். பங்குக்கு ஆள் தேடிக் கடை வாசலில் நிற்பவர்கள் இருப்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த இருவரையும் சேர்ந்து குடித்தவர்கள் என்று எண்ணுவதா, தனித்தனியாகக் குடித்த இரண்டு பேர் என்று எண்ணுவதா? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். அங்கே பகிரப்பட்டது விலை மட்டும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. சென்னையிலோ கோவையிலோ தனியாகத் தங்கி வேலை பார்க்கும் ஒருவர், சனிக்கிழமை கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ஒரு பீரைத் திறக்கிறார். மேட்ச் முடிகிறது, பீரும் முடிகிறது, தூங்கிவிடுகிறார். அடுத்த சனிக்கிழமை பீர் வாங்க மறந்துபோனாலும் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இவர் தனியாகத்தான் குடித்தார், ஆனாலும் இவரைக் குடிநோயாளி என்று எந்த மனநல மருத்துவரும் சொல்லமாட்டார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற கையேட்டில் குடிநோய்க்கு 11 அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தனியாகக் குடிப்பதைப் பற்றியது இல்லை.

அப்படியானால் தனிக்குடியைப் பொருட்படுத்தவே வேண்டாமா? வேண்டும். 2022இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் ஓர் ஆய்வு வந்தது. 18 வயதில் கேள்வி கேட்கப்பட்ட ஏறத்தாழ 4,500 பேர் 35 வயதில் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தார்கள். பதின்பருவத்திலேயே தனியாகக் குடித்தவர்களுக்கு 35 வயதில் குடிநோய் அறிகுறிகள் இருக்கும் வாய்ப்பு, பிறரோடு மட்டும் குடித்தவர்களைவிட 35 சதவீதம் அதிகம். இருபதுகளின் தொடக்கத்தில் தனியாகக் குடித்தவர்களுக்கு 60 சதவீதம் அதிகம். எவ்வளவு குடித்தார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை குடித்தார்கள் என்பதைக் கழித்துப் பார்த்த பிறகும் இந்த வித்தியாசம் மிஞ்சியது.

காரணம் ஊகிக்க முடியாதது இல்லை. கல்யாண வீட்டு மாடியில் குடிப்பவர் பெரும்பாலும் சந்தோஷத்துக்குக் குடிக்கிறார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பவர் பெரும்பாலும் எதையோ அணைக்கக் குடிக்கிறார்: தூக்கமின்மை, பதற்றம், கடன், மனைவியோடு சண்டை, வேலையில் பட்ட அவமானம். மது அந்த வேலையை நன்றாகச் செய்கிறது என்பதுதான் சிக்கலே. மூளையை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் செயலை அது தூக்கிவிடுகிறது, கிளர்த்தும் குளுட்டமேட்டைத் தடுக்கிறது. அரை மணி நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. பின்னிரவில் சாராயம் உடலைவிட்டு இறங்க இறங்க இதெல்லாம் தலைகீழாகிறது. மூன்று மணிக்கு விழிப்பு, வியர்வை, காரணமில்லாத பயம். காலையில் பதற்றம் நேற்றைவிடக் கூடுதல், அதற்கு மருந்தும் தெரியும். இந்தச் சுற்றுக்குள் போய்விட்டவருக்கு, எதை மறக்கக் குடிக்க ஆரம்பித்தாரோ அது தீர்ந்துபோன பிறகும் குடிக்கக் காரணம் இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, தனியாக இருக்கும்போது தடுக்க ஆள் கிடையாது. "போதும்டா, வண்டி ஓட்டணும்" என்று சொல்ல ஒருவரும் இல்லை, பாட்டிலில் பங்கு கேட்க ஆள் இல்லை, பத்து மணிக்கு எழுப்பிவிட பார் ஊழியரும் இல்லை. ஊற்றுகிற அளவு நாளாவட்டத்தில் கூடுவதை ஊற்றுபவரே கவனிப்பதில்லை.

அளவு என்று வரும்போது ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "ஒரே ஒரு குவார்ட்டர்" என்பதை நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 180 மில்லியில் அது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வகைப்படுத்துகிறது. ஆக நம் ஊரின் சாதாரண ஒரு சாயங்காலம் உலகக் கணக்கின் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. பிரிட்டன் 2016இல் தன் குடிமக்களுக்குச் சொன்ன வரம்பு வாரத்துக்கு 112 கிராம். அது இரண்டு குவார்ட்டர்கூட வராது, அதுவும் ஏழு நாளைக்குச் சேர்த்து. பீர்தானே என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி ஒரு பாட்டில், ஒரு குவார்ட்டரில் இருக்கும் ஆல்கஹாலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவர் காலை நான்கு மணிக்கும் முழுதாகத் தெளிந்திருக்கமாட்டார்.

ஆனாலும் அளவை மட்டும் வைத்துக் குடிநோயைத் தீர்மானிக்க முடியாது. டி.எஸ்.எம்-5இன் 11 அடையாளங்களில் ஒரு வருடத்துக்குள் இரண்டு தென்பட்டாலே லேசான குடிநோய். நான்கைந்து என்றால் நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ என்றால் தீவிரம். 2022இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி-11 இதை இன்னும் சுருக்கிவிட்டது. குடியின் மேல் பிடி தளர்வது, வாழ்க்கையில் மற்றதையெல்லாம் குடி பின்னுக்குத் தள்ளுவது, உடல் பழகிப்போவது. மூன்றில் இரண்டு இருந்தால் அது சார்புநிலை, அதாவது குடியை விட முடியாமல் அதை நம்பியே இருக்கும் நிலை.

பிடி தளர்வது என்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "நான் நினைச்சா நிறுத்திடுவேன். மாலை போட்டப்ப ஒரு மண்டலம் தொடவே இல்லையே" என்பார்கள். சொல்வது உண்மைதான், தொட்டிருக்கமாட்டார். சபரிமலைக்கு மாலை, கோயிலில் கயிறு, அம்மா தலையில் அடித்த சத்தியம் என்று குடியை நிறுத்தி வைக்க நம்மிடம் நிறைய வழிகள் இருக்கின்றன, அவை கொஞ்ச நாளைக்கு வேலையும் செய்கின்றன. பிடி இருக்கிறதா என்பதற்கான சோதனை குடிக்காத நாட்களில் இல்லை, முதல் ரவுண்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. "ரெண்டு பெக்கோட எழுந்துருவேன்" என்று உட்கார்ந்தவர் அப்படி எழுந்த நாட்கள் எத்தனை? மாலையைக் கழற்றிய அன்று ராத்திரி என்ன நடந்தது? விரதத்தின் கடைசி வாரத்தில் மனம் எதை எண்ணிக்கொண்டிருந்தது? இந்தக் கேள்விகளுக்கு அவரைவிட அவருடைய மனைவி சரியாகப் பதில் சொல்வார்.

பொதுவாகவே வீட்டுக்குத்தான் முதலில் தெரிகிறது. குடிப்பவர் ஒளித்துவைக்க ஆரம்பிப்பதுதான் அவர்கள் கண்ணில் படும் முதல் மாற்றம். பைக் சீட்டுக்கு அடியில், மோட்டார் அறையில், கழிப்பறைத் தொட்டிக்குள் பாட்டில். வாடை தெரியாது என்ற நம்பிக்கையில் ரம்மிலிருந்து ஓட்காவுக்கு மாறுவது, அதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைப்பது. விருந்துக்குப் போகும் முன்பே பாதியை வீட்டில் முடித்துவிட்டு, அங்கே போய் எல்லோரோடும் சேர்ந்து 'முதல்' ரவுண்டைத் தொடங்குவது. இந்தக் கடைசி ஆள் எல்லோர் கணக்கிலும் கம்பெனிக்குக் குடிப்பவர்தான். எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் "லைட்டா" என்பார், அதற்கு மேல் கேட்டால் கோபம் வரும். அந்தக் கோபத்தையே ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்ட எளிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் யூயிங் 1984இல் வெளியிட்ட 'கேஜ்' என்ற நான்கு கேள்விகள் அவை. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? உங்கள் குடியைப் பற்றி மற்றவர்கள் குறை சொல்லும்போது எரிச்சல் வந்திருக்கிறதா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தைப் போக்கவோ தலைவலியைத் தீர்க்கவோ குடித்திருக்கிறீர்களா? இரண்டுக்கு ஆம் என்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இன்னும் நுட்பமாகத் தெரிய வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விகள் இருக்கின்றன. 40க்கு 8 வந்தாலே குடி ஆபத்தான பக்கம் சாய்ந்துவிட்டது, 20ஐத் தொட்டால் சார்புநிலை இருக்கிறதா என்று முழுதாகப் பரிசோதிக்க வேண்டும்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் லிவர் நார்மல் என்று வந்ததைக் காட்டித் தப்பிப்பவர்களும் உண்டு. ரத்தப் பரிசோதனை கல்லீரலில் ஏற்பட்ட சேதத்தைத்தான் சொல்லும், பழக்கத்தைச் சொல்லாது. கல்லீரல் நன்றாக இருக்கும்போதே வேலை போனவர்கள், குடும்பம் பிரிந்தவர்கள் எத்தனையோ பேர்.

பெண்கள் விஷயம் தனி. அவர்களுக்கு இங்கே பார் கிடையாது, கட்டிங் கிடையாது, கல்யாண வீட்டு மாடியும் கிடையாது. குடிக்கும் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குத் தனியாகக் குடிப்பதைத் தவிர வழியில்லை. அதனால் தனிமை என்ற அடையாளத்தை வைத்து அவர்களைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பில் ஆண்களில் 27.3 சதவீதம் பேரும் பெண்களில் 1.6 சதவீதம் பேரும் மது அருந்துவதாகப் பதிவானது. இதில் பெண்கள் மறைத்த பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. உடலில் நீரின் அளவு குறைவு என்பதால் அதே அளவு மது பெண்ணின் ரத்தத்தில் அதிகமாக ஏறும். குடிக்கத் தொடங்கியதிலிருந்து நோயாக முற்றும் காலமும் பெண்களுக்குச் சுருக்கமாக இருப்பதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு வருவதோ தாமதமாக, பல சமயம் தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்ற பெயரில்.

உடல் பழகிப்போவதில்தான் அடையாளம் ஆபத்தாக மாறுகிறது. முதலில் தெரிவது தாங்குதிறன். "அவன் எவ்வளவு போட்டாலும் ஸ்டெடியா இருப்பான்" என்று நண்பர்கள் பெருமையாகச் சொல்வது மருத்துவரின் குறிப்பேட்டில் நோயின் அடையாளமாக எழுதப்படும். அடுத்தது கைநடுக்கம். டாஸ்மாக் கடைகள் இப்போது பகல் 12 மணிக்குத் திறக்கின்றன. 2016 மே மாதத்துக்கு முன்பு காலை 10 மணிக்குத் திறந்தன. திறக்கும் முன்பே ஷட்டர் பக்கத்தில் நிற்பவர்களையும், விடிகாலையில் பிளாக்கில் கூடுதல் காசு கொடுத்து வாங்குபவர்களையும் போதைக்கு அலைபவர்கள் என்று நாம் ஏளனமாகப் பார்க்கிறோம். அவர்களில் பலர் போதைக்காக வரவில்லை. கடைசியாகக் குடித்து எட்டு மணி நேரம் தாண்டியதும் கை உதறத் தொடங்கிவிடும், டீ கிளாஸைப் பிடிக்க முடியாது, கொத்தனார் கரண்டியைப் பிடிக்க முடியாது. ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நிற்கும். அதற்குத்தான் குடிக்கிறார்கள்.

இந்த நிலைக்கு வந்த ஒருவர் திடீரென்று மொத்தமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஊரில் பலருக்கு இது தெரியாது, குடும்பத்தாருக்கும் தெரியாது. வருடக்கணக்காக மதுவின் அடக்குதலுக்கு ஈடுகொடுத்துக் கிளர்ச்சியைக் கூட்டிவைத்திருந்த மூளைக்கு, அடக்கும் பொருள் திடீரென்று இல்லாமல் போகிறது. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வாந்தியும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்வார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரியாது. அந்தக் கோலத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் மந்திரிக்கக் கூட்டிப்போகும் குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு முறை திடுமென்று நிறுத்தி மறுபடி தொடங்கும்போதும் அடுத்த முறை வரும் நடுக்கமும் வலிப்பும் கடுமையாவதாக மருத்துவம் சொல்கிறது. ஆகவே, காலையில் கை நடுங்குகிறவர் வருடா வருடம் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே உசிதம். சாமி இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

2020 மார்ச் ஊரடங்கு இதை ஊரறியச் செய்தது. ஒரே ராத்திரியில் கடைகள் மூடின. கேரளத்தில் மது கிடைக்காத துயரில் தற்கொலைகள் நடந்தபோது, மருத்துவரின் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அம்மாநில அரசு உத்தரவிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதற்குத் தடை விதித்தது. மருத்துவர்களின் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. திடீர் நிறுத்தத்துக்கு மருந்து இருக்கும்போது மதுவையே மருந்தாக எழுதிக் கொடுக்க என்ன தேவை? குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், லோராசெபாம் போன்ற மருந்துகளைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி. சோறு குறைத்துச் சரக்கையே உணவாக்கிக்கொண்டவர்களுக்கு இது தீர்ந்துபோயிருக்கும். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே இதைக் கொடுக்காவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகக் கெடும் ஆபத்து இருக்கிறது. தெருமுனைக் கிளினிக்கில் "ஒரு பாட்டில் ஏத்துங்க, தெளிஞ்சிரும்" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அதன் பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. டைசல்பிராம் என்பது வேறு மாதிரி. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். அந்தப் பயத்திலேயே குடிக்காமல் இருக்க வைக்கும் மாத்திரை அது, நோயாளி தெரிந்து ஒப்புக்கொண்டு எடுக்க வேண்டியது. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று வரும் விளம்பரப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதில் டைசல்பிராமே இருந்து, அது தெரியாத ஒருவர் அன்றைக்கும் வழக்கம்போலக் குடித்தால் உயிரே போகலாம். மனைவியும் அம்மாவும் வேறு வழி தெரியாமல்தான் இதை வாங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. விற்பவர்களை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

போக இடமில்லாமல் இல்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, குடி ஒரு நோய் என்ற பார்வையை இங்கே பரப்பியதில் முன்னோடி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025இல் அரசு 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416. குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மருத்துவர் தினமும் வருகிறாரா என்று கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும். ராத்திரியில் ஆள் வைத்து வண்டியில் தூக்கிப்போகும் இடங்களின் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. இத்தனை இருந்தும், அந்த 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் குடிக்குச் சார்புநிலையில் இருப்பவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார்.

மற்றவர்கள் மருத்துவமனைக்கே வருவதில்லை என்றும் சொல்ல முடியாது. விபத்தில் கால் ஒடிந்து வருகிறார்கள், வயிற்று வலி என்று வருகிறார்கள். குடியைப் பற்றி மூச்சுவிடுவதில்லை, உடன் வந்த குடும்பமும் கௌரவம் பார்த்து வாய் திறப்பதில்லை. வார்டில் மூன்றாம் நாள் ராத்திரி அவர் கட்டிலைவிட்டு இறங்கி ஓடும்போதுதான் டியூட்டி டாக்டருக்கு விஷயம் பிடிபடும். எந்த நோய்க்காகப் போனாலும் நான்கு தகவல்களைக் கூச்சமில்லாமல் சொல்லிவிட வேண்டும்: ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா. இவை தெரிந்தால், மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்கையில் சேர்த்துக் கவனிக்க வேண்டுமா என்பதை மருத்துவர் அப்போதே தீர்மானித்துவிடுவார்.